ஏசி கம்ப்ரசர் கிளட்ச்: வீட்டில் பழுது பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரின் ஏசி குளிர்ச்சி தராமல் வெறும் காற்றை மட்டும் தள்ளத் தொடங்கினால், பானெட்டைத் திறந்து கம்ப்ரசரின் முகப்பைப் பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. பெல்ட் ஓடுகிறது, புல்லி சுற்றுகிறது, நடுவில் இருக்கும் தட்டு மட்டும் அசையாமல் நிற்கிறது. உடனே கிளட்ச் போய்விட்டது என்று முடிவுகட்டிப் புதிய கிளட்ச் செட் வாங்கிவிடுகிறார்கள். தட்டு நிற்பது உண்மை. அது நிற்பதற்குக் கிளட்சே காரணம் என்பது இன்னும் உறுதியாகவில்லை. இந்த வேலையில் அதிகமாகப் பணத்தை வீணாக்கும் தவறு, ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது.

கிளட்சில் மூன்று பகுதிகள் உண்டு. கம்ப்ரசரின் மூக்கில் அசையாமல் பொருத்தப்பட்ட காயில் என்ற கம்பிச்சுருள் ஒன்று. அதன் மேலாகப் பேரிங்கில் சுற்றும் புல்லி இன்னொன்று. கம்ப்ரசர் ஷாஃப்டோடு இணைந்த தட்டு மூன்றாவது. எஞ்சின் ஓடும் நேரமெல்லாம் புல்லி சுற்றிக்கொண்டுதான் இருக்கும். காயிலுக்கு மின்சாரம் வந்ததும் அது காந்தமாகி, தட்டைப் புல்லியின் முகத்தோடு இழுத்துப் பிடிக்கும். அப்போதுதான் ஷாஃப்ட் சுழன்று, குளிர்ச்சியைத் தரும் வாயுவான கேஸை அழுத்தும். இவை மூன்றும் கேஸ் கசியாமல் காக்கும் ஷாஃப்ட் சீலுக்கு வெளியே இருப்பதால், கேஸ் குழாய் எதையும் கழற்றாமலே கிளட்சை மாற்ற முடியும். வீட்டில் செய்யத்தக்க வேலை என்று இதைச் சொல்வதற்கு அதுவே காரணம்.

ஆனால் எல்லாக் கார்களிலும் இந்த அமைப்பு இல்லை. சில புதிய கார்களின் கம்ப்ரசரில் கிளட்சே கிடையாது. புல்லியும் ஷாஃப்டும் எப்போதும் சேர்ந்தே சுற்றும், உள்ளே இருக்கும் வால்வுதான் வேலையைக் கூட்டிக் குறைக்கும். அத்தகைய வண்டியில் கிளட்ச் பிடிக்கவில்லை என்று தேடுவது வீண் வேலை. பல ஹைப்ரிட் கார்களிலும் மின்சாரக் கார்களிலும் கம்ப்ரசர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுகிறது. ஆரஞ்சு நிற உறையிட்ட தடித்த கேபிள் கம்ப்ரசருக்குப் போவதைக் கண்டால், பானெட்டை மூடிவிட்டு, பயிற்சி பெற்றவரிடம் வண்டியைக் கொண்டுபோக வேண்டும். இதில் துணிச்சலுக்கு இடமே இல்லை.

இனிக் கண்டறிதல். தட்டு நிற்பதற்குப் பியூஸ், மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலே, அறுந்த கம்பி, பழுதான எர்த், காற்றைக் குளிர்விக்கும் எவாப்பரேட்டரின் வெப்ப சென்சார் என்று பல காரணங்கள் இருக்கலாம். இவை அனைத்தையும்விட அடிக்கடி காணப்படுவது கேஸ் குறைவு. கேஸின் அழுத்தம் சுமார் 2 பாருக்குக் கீழே இறங்கினால், கம்ப்ரசரைக் காப்பாற்றுவதற்காகவே பிரஷர் சுவிட்ச் கிளட்சுக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்திவிடும். கேஸோடு சேர்ந்து சுற்றும் எண்ணெய்தான் கம்ப்ரசரின் உள்பாகங்களுக்கு வழவழப்புத் தருகிறது; கேஸ் இல்லாமல் அது ஓடினால் உள்ளே உராய்ந்து இறுகிப்போகும். மறுபக்கம், ரேடியேட்டர் ஃபேன் நின்றுபோய் அழுத்தம் சுமார் 30 பாரைத் தாண்டினாலும் இதே சுவிட்ச் மின்சாரத்தைத் துண்டிக்கும். ஆகவே தட்டு நிற்பது பல நேரங்களில் கிளட்சின் பழுது அல்ல, அமைப்பு தன்னைத்தானே காத்துக்கொள்ளும் செயல்.

இதைப் புரிந்துகொள்ளாதபோதுதான் மிகக் கேடான குறுக்குவழி பிறக்கிறது. பேட்டரியிலிருந்து நேராக ஒரு கம்பியை இழுத்துக் காயிலில் கொடுத்து, தட்டு பிடித்ததும் ஏசி ஓடிவிட்டது என்று அப்படியே கட்டிவைத்துவிடுகிறார்கள். இனி கேஸ் தீர்ந்தாலும் கம்ப்ரசர் நிற்காது, அழுத்தம் ஏறினாலும் நிற்காது. ஒரு ரிலேயின் விலையை மிச்சம் பிடிக்கப்போய் முழுக் கம்ப்ரசரையும், அது உடைந்து சிதறும் உலோகத் துகளால், கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரையும் கேஸின் அழுத்தத்தை இறக்கும் எக்ஸ்பேன்ஷன் வால்வையும் சேர்த்து இழக்க நேரும். நேர் மின்சாரம் கொடுத்துச் சோதிப்பது தவறில்லை. ஆனால் அது எஞ்சின் நின்ற நிலையில், இடையில் 10 ஆம்பியர் பியூஸ் வைத்து, ஒன்றிரண்டு நொடிகளுக்கு மட்டும் செய்யப்பட வேண்டும். ‘டக்’ என்ற ஒலியோடு தட்டு ஒட்டிக்கொண்டால் காயில் வேலை செய்கிறது என்று அறியலாம். அப்போதும் பாசிட்டிவ், நெகட்டிவ் மாறிவிடக் கூடாது. மின்சாரம் நிற்கும் நொடியில் காயிலில் எழும் மின்னழுத்தத் தாவலை அடக்க ஒரு டயோடு இணைத்திருப்பார்கள். துருவம் மாறினால் அது கருகும், பிறகு அந்தத் தாவல் மற்ற மின்னணுப் பாகங்களைத் தாக்கும்.

மல்டிமீட்டரால் அளக்கும்போது நிகழும் பிழை வேறு வகையானது. கனெக்டரைக் கழற்றிவிட்டு அளந்தால் 12 வோல்ட் காட்டும். கரி பிடித்த ரிலேயாக இருந்தாலும் காட்டும். காயில் இணைந்திருக்கும்போது, மின்சாரம் உண்மையிலேயே பாயும் நிலையில் அளந்தால்தான் குறை தெரியும். பேட்டரியின் இரு முனைகளில் கிடைக்கும் அளவைவிடக் காயிலில் ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்திருந்தால், கம்பியிலோ ரிலேயிலோ எர்த்திலோதான் பழுதைத் தேட வேண்டும். காயிலின் மின்தடை பெரும்பாலான சிறிய கார்களில் 3 முதல் 5 ஓம் வரை இருக்கும். எல்லையின்றிக் காட்டினால் காயில் அறுந்துவிட்டது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் உள்ளே ஷார்ட் ஆகிவிட்டது. சில காயில்களுக்குள் வெப்பத்தில் அறுந்துபோகும் பியூஸ் ஒன்று புதைந்திருக்கும். அதைத் தோண்டியெடுத்து நேராக இணைப்பவர்கள் உண்டு. அது அறுந்ததற்குக் காரணமான அதிக வெப்பம் அப்படியேதான் இருக்கிறது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

இப்போது இந்த வேலையின் உயிர்நிலைக்கு வருவோம். காலையில் ஏசி நன்றாக வேலை செய்கிறது. மே மாத வெயிலில் போக்குவரத்து நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்தபின் குளிர்ச்சி நின்றுவிடுகிறது. வண்டியை நிறுத்தி ஆறவிட்டால் மறுபடி பிடிக்கிறது. இந்த அறிகுறியைக் கேட்டதும் கேஸ் ஏற்றிக்கொண்டு வருபவர்கள் ஏராளம். உண்மையில் இது பெரும்பாலும் தட்டுக்கும் புல்லிக்கும் இடையிலான இடைவெளி தேய்மானத்தால் கூடிவிட்டதன் அடையாளம். செம்புக் கம்பியின் மின்தடை ஒவ்வொரு பாகை செல்சியஸுக்கும் ஏறத்தாழ 0.4 விழுக்காடு உயரும். ஆகவே 20 பாகையில் 3.6 ஓம் இருந்த காயில், எஞ்சின் சூட்டில் 100 பாகையை எட்டும்போது 4.7 ஓம் ஆகிவிடும். 14 வோல்ட்டில் 3.9 ஆம்பியர் இழுத்த அதே காயில் அப்போது 3 ஆம்பியர்தான் இழுக்கும். காந்தத்தின் வலு அந்த அளவுக்குக் குறைகிறது. இடைவெளி கூடக்கூடக் காந்த ஈர்ப்பு அதைவிட வேகமாகச் சரிகிறது. இரண்டும் சேரும்போது தட்டு எட்டாத தூரத்தில் நின்றுவிடுகிறது.

இந்த இடைவெளி பல கம்ப்ரசர்களில் 0.3 முதல் 0.6 மி.மீ. வரை இருக்க வேண்டும்; சாண்டன் நிறுவனத்தின் சில மாதிரிகளில் 0.4 முதல் 0.8 மி.மீ. வரை அனுமதிக்கப்படுகிறது. சரியான எண்ணை அந்தந்த வண்டியின் சர்வீஸ் கையேட்டில் பார்க்க வேண்டும். கண்ணால் மதிப்பிடுவதும், விசிட்டிங் கார்டைச் செருகிப் பார்ப்பதும் போதாது. இடைவெளியில் செருகி அளக்கும் மெல்லிய தகடுகளான, சிறு விலைக்குக் கிடைக்கும் ஃபீலர் கேஜால், தட்டைச் சுற்றிச் சம தொலைவில் மூன்று இடங்களில் அளக்க வேண்டும். மூன்றும் ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபட்டால் தட்டு வளைந்திருக்கிறது என்று பொருள். இடைவெளி மட்டும் கூடியிருந்தால், தட்டுக்குப் பின்னால் ஷாஃப்டில் இருக்கும் மெல்லிய ஷிம் வாஷர்களில் ஒன்றை எடுத்தாலே போதும். புதிய கிளட்சும் வேண்டாம், காயிலும் வேண்டாம். இதைச் சொல்லித் தருவதற்காகவே இக்கட்டுரையை எழுதத் தோன்றியது.

ஆனால் இங்கும் பேராசை கூடாது. இருக்கும் ஷிம் எல்லாவற்றையும் எடுத்து இடைவெளியை மிகவும் குறைத்துவிட்டால், ஏசி அணைந்திருக்கும்போதும் தட்டு புல்லியில் உரசும். உரசிய முகம் சூடேறி நீலம்பாயும், பேரிங்கின் கிரீஸ் உருகி வழியும், கடைசியில் காயிலும் கருகும். ஷிம் எடுத்தபின் மறுபடி அளந்து, புல்லி தட்டில் உரசாமல் கையால் தாராளமாகச் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். எடுக்க ஷிம்மே மிச்சமில்லை என்றால் தட்டின் ஆயுள் முடிந்துவிட்டது. அதை மாற்றத்தான் வேண்டும்.

கழற்றும் வேலையில் நடக்கும் சேதம் பெரும்பாலும் பலத்தைப் பயன்படுத்துவதால் வருவது. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், பேட்டரியின் நெகட்டிவ் முனை கழற்றப்பட்டிருக்க வேண்டும். சாவி அணைந்திருந்தாலும் சில வண்டிகளில் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கும். பெல்ட் ஓடும் வழியைக் கழற்றுவதற்கு முன்பே படம் எடுத்துக்கொள்வது நல்லது. இடம் போதாமல் கம்ப்ரசரை அடியிலிருந்து விடுவிக்க நேர்ந்தால், அதன் முழு எடையையும் கேஸ் குழாய்களில் தொங்கவிடக் கூடாது. கம்பியால் கட்டி நிறுத்த வேண்டும். நடு போல்ட்டைத் தளர்த்தும்போது தட்டு சுற்றாமலிருக்க ஸ்க்ரூடிரைவரை இடுக்கில் செருகுவது, பிறகு அதே ஸ்க்ரூடிரைவரால் தட்டை நெம்புவது, இரண்டுமே தட்டை வளைத்துவிடும். தட்டைப் பிடிப்பதற்கான கருவி தனியாக உண்டு. பல தட்டுகளின் நடுவே மரை வெட்டியிருப்பார்கள். அதில் பொருத்தமான பெரிய போல்ட்டை முறுக்கினால் தட்டு தானாக வெளியே வரும். ஷாஃப்டின் முனையில் சுத்தியலால் தட்டுவது மட்டும் ஒருபோதும் கூடாது. அந்த அடி நேராக உள்ளே இருக்கும் பிஸ்டன் அமைப்பிலும் சீலிலும் போய் இறங்கும்.

தட்டு கழன்றதும் ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பார்க்காமல் மேற்கொண்டு போகக் கூடாது. ஒரே சீரான எதிர்ப்போடு சுற்றினால் கம்ப்ரசர் நலமாக இருக்கிறது. சிக்கினாலோ சுற்றவே மறுத்தாலோ கிளட்ச் கருகியதற்குக் காரணம் கம்ப்ரசர்தான். புதிய கிளட்சும் அதே வழியில் போகும். ஷாஃப்டைச் சுற்றி எண்ணெய் கசிந்து அழுக்குப் படிந்திருந்தால் சீல் போய்விட்டது. அதை மாற்றக் கேஸை இறக்கியாக வேண்டும். அது வீட்டு வேலை அல்ல. பல கார் ஏசிகளில் இருக்கும் ஆர்-134ஏ கேஸ் இயல்பான காற்றழுத்தத்தில் −26 பாகையில் கொதிப்பது. திரவமாகக் கண்ணிலோ தோலிலோ பட்டால் உறைபுண் உண்டாகும். நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல 1,430 மடங்கு புவியைச் சூடாக்கும் வாயு என்று, இத்தகைய வாயுக்களின் பயன்பாட்டைக் குறைப்பதற்கான பன்னாட்டுக் கிகாலி ஒப்பந்தம் அதைக் கணக்கிட்டுள்ளது. அந்த ஒப்பந்தத்தை இந்தியா 2021-இல் ஏற்றது. காற்றில் திறந்துவிடுவதை யாரும் செய்யக் கூடாது.

பேரிங்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஏசி அணைந்திருக்கும்போதும் கரகர ஒலி வந்தால் புல்லி பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். ஏசி போட்டால் மட்டும் வந்தால் தட்டையோ கம்ப்ரசரையோ பார்க்க வேண்டும். பேரிங்கைப் புல்லிக்குள் ஏற்றும்போது வெளிவளையத்தில் மட்டுமே அழுத்தம் தர வேண்டும். அழுத்தி ஏற்றும் கருவியான பிரஸ் இல்லாதவர்கள் பேரிங்கோடு சேர்ந்த புல்லியாகவே வாங்குவது நலம்.

பூட்டும்போது காயிலின் பின்புறமுள்ள முளை கம்ப்ரசரின் பள்ளத்தில் சரியாக அமர வேண்டும். அமராவிட்டால் காயில் சாய்ந்து புல்லியில் உரசும். பாகங்களை இடத்தில் பிடித்துவைக்கும் வளையமான சர்க்லிப்பின் சரிவான பக்கம் வெளிநோக்கியிருக்க வேண்டும், அது பள்ளத்தில் முழுமையாக விழுந்திருக்க வேண்டும். உராயும் முகங்களில் கிரீஸ் படிந்த கைவிரல்கூடப் படக் கூடாது. நடு போல்ட் பல வண்டிகளில் வெறும் 6 மி.மீ. பருமன்தான், கையேட்டில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு மேல் முறுக்கி அது ஷாஃப்டுக்குள் உடைந்தால், கிளட்ச் வேலை கம்ப்ரசர் மாற்றும் வேலையாகிவிடும்.

புதிய தட்டும் புல்லியும் பூட்டிய உடனே நெடுஞ்சாலையில் முழு வேகத்தில் ஏசி போட்டு ஓடுவதையும் தவிர்க்க வேண்டும். புதிய முகங்கள் ஒன்றோடொன்று படியும்வரை பிடிமானம் குறைவாகவே இருக்கும். எஞ்சினை மிதமான வேகத்தில் ஓடவிட்டு, ஏசியைப் பத்து நொடி போட்டு, பத்து நொடி நிறுத்தி, இருபது முறை இப்படிச் செய்தால் முகங்கள் படிந்துவிடும். பிறகு எஞ்சினை நிறுத்தி, ஆறியதும் ஃபீலர் கேஜால் இடைவெளியை மறுபடி அளந்து, அந்த எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டால், அடுத்த கோடையில் தேய்மானம் எவ்வளவு என்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.