வீட்டு மெயில் சர்வரை ரிலேயோடு இணைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பட்டர்வொர்த்தில் ஒரு நண்பர், தங்கள் தாமான் குடியிருப்போர் சங்கத்தின் அறிவிப்புகளை வீட்டில் கிடந்த பழைய மடிக்கணினியிலிருந்து அனுப்ப ஆசைப்பட்டார். உபுண்டு இயங்குதளம், அதில் மெயில் அனுப்பும் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸ். வீட்டு இணைப்பில் வெளியே செல்லும் 25ஆம் போர்ட்டை (சர்வர்கள் மெயில் பரிமாறும் வாசல்) பல இணைய நிறுவனங்கள் அடைத்துவிடும். திறந்திருந்தாலும் வீட்டு ஐபியிலிருந்து வரும் மெயிலைப் பெரிய சேவைகள் நம்புவதில்லை. அதனால் லாகின் கேட்கும் ஒரு ரிலே வழியாக, அதாவது நம் மெயிலை வாங்கி மேலே அனுப்பிவைக்கும் சர்வர் வழியாக, 587ஆம் போர்ட்டில் அனுப்ப முடிவு செய்தார். ஐந்தாறு வரி வேலைதான். காலையில் ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தோம், எழுந்தபோது இருட்டிவிட்டது.

கடவுச்சொல் தப்பு என்று அதையே மாற்றி மாற்றிப் போட்டார். லாகில் (போஸ்ட்ஃபிக்ஸின் பதிவேட்டில்) இருந்த பிழை எண்ணோ 530. 535 வந்தால்தான் பெயரோ கடவுச்சொல்லோ தப்பு. 530 என்றால் 'முதலில் லாகின் செய்' என்கிறது ரிலே. அதாவது போஸ்ட்ஃபிக்ஸ் கடவுச்சொல்லைக் கொடுக்கவே இல்லை. எந்த ரிலேக்கு அனுப்புவது என்று சொல்லும் ரிலேஹோஸ்ட் வரியில் முகவரி சதுர அடைப்புக்குறிக்குள், கூடவே :587. அடைப்புக்குறி இருந்தால் எம்எக்ஸ் பதிவை (ஒரு டொமைனின் மெயிலை வாங்கும் சர்வர் எது என்று சொல்லும் பதிவு) தேடாமல் நேரே அந்த முகவரிக்கே போகும், அது சரி. ஆனால் கடவுச்சொல் கோப்பில் அதே முகவரியும் :587உம் அடைப்புக்குறி இல்லாமல் இருந்தன. நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். போஸ்ட்ஃபிக்ஸுக்கு வேறு வேறு. இரண்டு இடத்திலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும்.

கோப்பைத் திருத்திய பின் போஸ்ட்மேப் கட்டளையை (கோப்பைப் போஸ்ட்ஃபிக்ஸ் படிக்கும் டிபி வடிவுக்கு மாற்றுவது) ஓட்ட மறந்தால் பழைய தகவலே நிற்கும். கோப்பில் கடவுச்சொல் அப்பட்டமாகக் கிடப்பதால், அதற்கும் அதிலிருந்து உருவாகும் டிபி கோப்புக்கும் அனுமதி 600 ஆக (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத) இருக்க வேண்டும்.

அப்புறம் அந்த ஒற்றை 'டி'. எஸ்எம்டிபி (smtp) என்று தொடங்கும் அமைப்புகள் வெளியே அனுப்புவதற்கு. எஸ்எம்டிபிடி (smtpd) என்று தொடங்குபவை உள்ளே வருவதற்கு. லாகினை இரண்டாவதில் இயக்கிவிட்டு ரிலேயைத் திட்டிப் பயனில்லை.

லாகில் 'மெக்கானிசம் இல்லை' என்று வந்தால் இரண்டைப் பாருங்கள்: லாகின் வேலையைச் செய்யும் சாஸ்ல் மாட்யூல் தொகுப்பு நிறுவப்பட்டிருக்கிறதா, பாதுகாப்பு அமைப்பில் 'நோபிளெயின்டெக்ஸ்ட்' (கடவுச்சொல்லை அப்படியே அனுப்பத் தடை) இன்னும் இருக்கிறதா. இயல்பிலேயே அது இருக்கும். அதை எடுப்பதென்றால் டிஎல்எஸ் மறையாக்கத்தைக் கட்டாயமாக்கிவிட்டு எடுங்கள். 'முடிந்தால் டிஎல்எஸ்' என்று விட்டால், நடுவில் இருப்பவன் அதைத் தடுத்துவிட்டுக் கடவுச்சொல்லை அப்படியே படிக்கலாம். 465ஆம் போர்ட் வேறு ரகம். முதல் பைட்டிலிருந்தே டிஎல்எஸ், அதற்கான ராப்பர்மோடு அமைப்பை இயக்காவிட்டால் இணைப்பு தொங்கிக்கொண்டே நிற்கும்.

ஜிமெயிலை ரிலேயாக வைப்பவர்களுக்கு வழக்கமான கடவுச்சொல் உதவாது. இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்ட் வாங்க வேண்டும். சொந்த டொமைன் என்றால் எஸ்பிஎஃப் பதிவில் (டொமைன் பெயரில் யார் மெயில் அனுப்பலாம் என்ற பட்டியல்) ரிலேயைச் சேர்க்க வேண்டும். அதையும் இருக்கிற பதிவுக்குள்ளேயே சேருங்கள். இரண்டு எஸ்பிஎஃப் பதிவு இருந்தால் இரண்டும் செல்லாது.

அடைப்புக்குறியைச் சரிசெய்ததும் 530 போய் 535 வந்தது. மாற்றி மாற்றிப் போட்டதில் கடவுச்சொல்லில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. 530இல் மெயில் உடனே திரும்பிவிடும். 535 வந்தால் போஸ்ட்ஃபிக்ஸ் அதை வரிசையில் வைத்துக்கொண்டு, இயல்பாக 5 நாள் வரை மறுபடி மறுபடி முயலும். இதை நாங்கள் யோசிக்கவில்லை. சோதித்துப் பார்க்க அவர் அனுப்பிக்கொண்டே இருந்தது தண்ணீர்த் தடை அறிவிப்பை, அதுவும் சங்கத்தின் முழுப் பட்டியலுக்கு. கடவுச்சொல் சரியான இரவு, குழாயில் தண்ணீர் வந்து இரண்டு நாள் கழித்து, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்பது பிரதி போய்ச் சேர்ந்தது.