கலைப்பில் இருக்கும் கம்பெனியிடம் சம்பள பாக்கி: தொழிலாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்தூரின் ஹுக்கும்சந்த் ஆலை 1990களின் தொடக்கத்தில் மூடப்பட்டது. தொழிலாளர் பாக்கிக்காக ஏறத்தாழ 224 கோடி ரூபாய்க்கான காசோலை அதன் கலைப்பாளர் (மூடிய கம்பெனியின் சொத்தை விற்றுக் கடன்களைத் தீர்க்க நியமிக்கப்படுபவர்) கைக்கு வந்தது 2023 டிசம்பரில். அதற்குள் தொழிலாளர்கள் பலர் இறந்துவிட்டார்கள். இவ்வளவு தாமதத்துக்குத் தொழிலாளி பொறுப்பில்லை. ஆனால் வழக்கு இழுக்கும்போது அவர் தரப்பில் நேரும் சில தவறுகள், வர வேண்டிய பணத்தையும் வராமல் செய்துவிடுகின்றன.

ஹுக்கும்சந்த் ஆலை பழைய கம்பெனிச் சட்டத்தின் கீழ் கலைக்கப்பட்டது. இன்று பெரும்பாலான கலைப்புகள் 2016ஆம் ஆண்டின் திவால் சட்டத்தின்படி, தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தின் வழியே நடக்கின்றன. இங்கே சொல்வது அதைப் பற்றித்தான்.

"சம்பளக் கணக்கு ஆபீசில் இருக்கிறது, பணம் தானாக வரும்" என்று நம்பியிருப்பது முதல் தவறு. எவ்வளவு பாக்கி என்று காட்டும் கேட்புமனுவைக் கலைப்பாளரிடம் கொடுக்க வேண்டும். கலைப்பாளரின் அறிவிப்பு செய்தித்தாள்களில் வரும். அதிலுள்ள கடைசி நாளைத் தவறவிடாதீர்கள். வேலைநீக்கக் கடிதத்துக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். கலைப்பாளர் தொழிலைத் தொடர்ந்து நடத்தினால் ஒழிய, கலைப்பு உத்தரவே வேலைநீக்க அறிவிப்பாகக் கொள்ளப்படும்.

அடுத்த தவறுதான் அதிகப் பணத்தைக் கரைக்கிறது. சட்டத்தின் 53ஆம் பிரிவு, கலைப்புச் செலவுகளுக்கு அடுத்த இடத்தைத் தொழிலாளர் பாக்கிக்குத் தருகிறது. கடனுக்கு ஈடாகப் பிடித்த சொத்தை (பிணையை) பொதுப் பங்கீட்டுக்கு விட்டுக்கொடுத்த வங்கிகளும் அதே வரிசையில் சமமாக நிற்கின்றன. ஆனால் இந்த முன்னுரிமை கலைப்பு தொடங்கிய நாளுக்கு முந்தைய 24 மாதங்களுக்கு மட்டுமே. அதற்கும் முந்தைய பாக்கி வரிசையின் கீழே போய்விடுகிறது. முதலாளி "அடுத்த மாதம் தருகிறேன்" என்று சொல்லச் சொல்ல, சம்பளம் வராத மாதங்கள் ஒவ்வொன்றாக இந்த வரம்புக்கு வெளியே நழுவுகின்றன. கலைப்புக்கு முன், கம்பெனியை மீட்கப் பார்க்கும் தீர்வு நடவடிக்கை ஓரிரு ஆண்டுகள் இழுத்தால் அந்த 24 மாதங்களில் பெரும்பகுதி ஆலை ஓடாத காலமாகவே இருக்கும். தீர்வு நடவடிக்கைக் காலச் சம்பளம் அந்த நடவடிக்கையின் செலவாகக் கருதப்பட்டு முதலில் கிடைக்க வேண்டுமானால், நிறுவனம் இயங்கியிருக்க வேண்டும், தொழிலாளி உண்மையிலேயே வேலை செய்திருக்க வேண்டும் என்று ஏபிஜி கப்பல் கட்டும் நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022இல் சொல்லிவிட்டது. ஆகவே அந்த நாட்களில் வேலைக்குப் போனவர்கள் வருகைப் பதிவு, ஷிப்ட் சீட்டு, மேலாளர் அனுப்பிய செய்தி என எதையும் தூக்கிப் போடாதீர்கள். முதலாளி இழுத்தடிக்கிறார் என்று தெரிந்ததும் சங்கத்தைக் கூட்டுங்கள். தொழிற்சங்கமே திவால் மனு போடலாம் என்று 2019இல் தீர்ப்பு இருக்கிறது. பாக்கி மொத்தம் ஒரு கோடி ரூபாயை எட்ட வேண்டும் என்பதால் தனி ஆளாகப் போவது கடினம்.

எல்லா பாக்கியையும் ஒரே தொகையாக எழுதிக் கொடுப்பவர்களும் உண்டு. அப்படிச் செய்யாதீர்கள். வருங்கால வைப்பு நிதி (பி.எஃப்.), ஓய்வூதிய நிதி, பணிக்கொடை நிதி ஆகியவற்றிலிருந்து வர வேண்டிய பணம், கடன்காரர்களுக்குப் பங்கிடும் சொத்தில் சேராது. அது தனியே தரப்பட வேண்டியது. ஜெட் ஏர்வேஸ் ஊழியர்களின் பி.எஃப்., பணிக்கொடையைக் கொடுக்க வேண்டும் என்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2022 அக்டோபரில் உத்தரவிட்டது. பணிக்கொடைக்கென்று நிதியே வைக்காத நிறுவனங்களில் இது சிக்கலாகிறது. அங்கே வழக்கறிஞரின் ஆலோசனை அவசியம். பிடித்த பி.எஃப். பணத்தைக் கம்பெனி கட்டியதா என்று பாஸ்புக்கைப் பாருங்கள். கட்டவில்லையென்றால் பி.எஃப். அலுவலகத்திலும் புகார் கொடுங்கள்.

"சூப்பர்வைசர்", "ஆபீசர்" என்ற பட்டத்தைப் பார்த்துத் தாமாகவே தொழிலாளர் பட்டியலிலிருந்து விலகிக்கொள்ள வேண்டாம். பார்த்த வேலை எது என்பதுதான் முக்கியம். தொழிலாளர் அல்லாத ஊழியருக்கு 12 மாத பாக்கிக்குத்தான் முன்னுரிமை, அதுவும் ஒரு படி கீழே.

கலைப்பு உத்தரவுக்குப் பிறகு கம்பெனி மீது புதிய வழக்கு போட முடியாது. இதைத் தெரியாமல் தொழிலாளர் நீதிமன்றப் படியேறினால் காலம்தான் வீணாகும். கலைப்பாளர் உங்கள் மனுவைத் தள்ளினாலோ தொகையைக் குறைத்தாலோ, முடிவு கைக்கு வந்த 14 நாட்களுக்குள் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும். சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் அந்த நாட்கள் ஓடிவிடும்.

அசல் ஆவணங்களை யாரிடமும் விட்டுவிடாதீர்கள், சங்கத்திடமும்கூட நகல் போதும். கொஞ்சம் பணத்தைக் காட்டி "முழுவதும் பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்துக் கேட்டால் மறுத்துவிடுங்கள். முகவரியோ வங்கிக் கணக்கோ மாறினால் கலைப்பாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். ஆதாரிலும் பி.எஃப். பதிவிலும் பெயர் வேறுபட்டால் இப்போதே திருத்துங்கள். தொழிலாளி இறந்திருந்தால் வாரிசுச் சான்றிதழோடு குடும்பத்தினர் உரிமை கோரலாம். கம்பெனி கலைந்த பின்னும், கேட்கப்படாத பங்கு அதற்கென உள்ள கணக்கில் போடப்பட்டிருக்கும். இந்திய நொடிப்பு, திவால் வாரியத்துக்கு விண்ணப்பித்து அதைப் பெற வழி இருக்கிறது.