நிகழ்வைக் கேட்டு இயங்கும் ஸ்கிரிப்ட்டுகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொண்டி, மண்டபம், பாம்பன், இராமேசுவரம் என இராமநாதபுரம் கடற்கரை நெடுகிலும் மீன், நண்டு, கணவாய் வாங்கி அனுப்பும் சிறு நிறுவனங்கள் பலவற்றில் இன்று எடை போடும் இடத்திலேயே ஒரு கணினி இருக்கிறது. எடைச் சீட்டு ஒரு கோப்பாகக் கோப்புறைக்குள் வந்தவுடன் அதைக் கணக்கில் ஏற்றுவது, பென்டிரைவைச் செருகியவுடன் காப்புப் பிரதி எடுப்பது, மின்சாரம் போனவுடன் தரவுத்தளத்தை ஒழுங்காக மூடுவது, இணையம் திரும்பியவுடன் தேங்கிக் கிடப்பவற்றை அனுப்புவது ஆகிய வேலைகளுக்கு ஓர் ஆளை உட்கார வைக்கத் தேவையில்லை. கணினியில் நடக்கும் மாற்றத்தையே தூண்டுதலாகக் கொண்டு ஒரு ஸ்கிரிப்ட் (கட்டளைகள் அடங்கிய சிறு நிரல்) தானாக இயங்கி இவற்றை முடித்துவிடும். லினக்ஸில் ஐநோடிஃபை (கோப்பு மாற்றங்களைச் சொல்வது), யூடெவ் (சாதனங்கள் இணைவதைச் சொல்வது), சிஸ்டம்டி (சேவைகளைத் தொடங்கி நிர்வகிப்பது) ஆகியவையும் விண்டோஸில் டாஸ்க் ஷெட்யூலரும் இதற்கான வசதிகளைத் தருகின்றன. வசதி எளிதாகக் கிடைப்பதாலேயே பலர் பத்து வரி எழுதிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள்.

இவ்வகை ஸ்கிரிப்ட்டுகளில் நான் காணும் பெரும்பாலான பிழைகளுக்கு ஒரே வேர்தான் இருக்கிறது. நிகழ்வு என்பது ஏதோ மாறியிருக்கிறது என்ற சேதி மட்டுமே. இப்போதைய நிலைமை என்ன என்பதை ஸ்கிரிப்ட் தானே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். காற்று இறங்கிவிட்டது என்று பக்கத்து வீட்டார் சொன்னதைக் கேட்ட மாத்திரத்தில் வலையை ஏற்றிக்கொண்டு கிளம்பும் மீனவர் யாரும் இல்லை. கரைக்குப் போய்க் கடலைப் பார்த்த பிறகே அவர் முடிவு செய்வார். ஸ்கிரிப்ட்டும் அவ்வாறே எழுதப்பட வேண்டும்.

முதலாவதும் மிகப் பரவலானதுமான தவறு, கோப்பு உருவானவுடனேயே அதைப் படிக்கத் தொடங்குவது. ஐநோடிஃபை 2005இல் லினக்ஸின் கெர்னல் எனப்படும் மையப் பகுதியின் 2.6.13 பதிப்பில் சேர்க்கப்பட்டது. கோப்பு உருவாதல், எழுதப்படுதல், எழுதி மூடப்படுதல், வேறிடத்திலிருந்து நகர்ந்து வருதல் ஆகிய ஒவ்வொன்றையும் அது தனித்தனி நிகழ்வாகச் சொல்கிறது. உருவாதல் நிகழ்வு வரும்போது கோப்பின் பெயர் மட்டுமே இருக்கும். உள்ளே ஒரு வரிகூட எழுதப்படாமல் இருக்கலாம். அந்தக் கணத்தில் ஸ்கிரிப்ட் அதைப் படித்தால் வெற்றுக் கோப்பையோ பாதி எடைப் பட்டியலையோதான் கணக்கில் ஏற்றும். நாற்பது கூடை நண்டில் இருபத்திரண்டு கூடை மட்டும் பதிவானால், பிழைச் செய்தி எதுவும் வராது. மாலையில் வியாபாரியும் படகுக்காரரும் கணக்குப் பார்க்கும்போதுதான் அது தெரியவரும். ஆகவே, எழுதி மூடப்பட்ட நிகழ்வையும் நகர்ந்து வந்த நிகழ்வையும் மட்டுமே கேட்க வேண்டும். ஒரு கோப்பையோ கோப்புறையையோ கண்காணித்துச் சேவையைத் தொடங்கும் சிஸ்டம்டியின் பாத் யூனிட்டைப் பயன்படுத்துவோர் 'பாத்மாடிஃபைட்' என்பது ஒவ்வொரு முறை எழுதப்படும்போதும் தூண்டப்படும் என்பதையும், 'பாத்சேஞ்ச்டு' என்பது எழுதி மூடிய பிறகே தூண்டப்படும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

இதைவிட உறுதியான வழி, எழுதும் மென்பொருள் நம் கையில் இருந்தால், கோப்பைத் தற்காலிகப் பெயரில் எழுதி முடித்துவிட்டு இறுதிப் பெயருக்கு மாற்றச் செய்வதாகும். ஒரே கோப்பு முறைமைக்குள் பெயர் மாற்றம் ஒரே அடியில் நடந்துவிடும். பாதி மாறிய நிலை என்று ஒன்று கிடையாது. இரண்டு வட்டுகளுக்கு இடையே நகர்த்துவது உண்மையில் நகலெடுத்து அழிப்பதே என்பதால் அங்கே இந்த உறுதி இல்லை.

எடைக் கணினி விண்டோஸிலும் கணக்குக் கணினி லினக்ஸிலும் இருப்பது இங்கே வழக்கம். லினக்ஸ் கணினி சம்பா என்ற கோப்புப் பகிர்வு மென்பொருள் மூலம் கோப்புறையைப் பகிர்ந்து, விண்டோஸ் கணினி அதற்குள் எழுதினால், எழுதுவது லினக்ஸ் கணினியிலேயே நடப்பதால் நிகழ்வு வரும். மாறாக, விண்டோஸ் கணினி பகிர்ந்த கோப்புறையை லினக்ஸில் இணைத்து அதை ஐநோடிஃபை கொண்டு கண்காணித்தால், அந்தப் பக்கம் எழுதப்படுபவை பற்றி இந்தப் பக்கம் எந்தச் சேதியும் வராது. இரண்டு ஏற்பாடுகளும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றுவதால், ஸ்கிரிப்ட்டில் பிழை தேடிப் பொழுது கழிவதே மிச்சம்.

நிகழ்வு தவறவே தவறாது என்று நம்புவது அடுத்த தவறு. பாக் விரிகுடாப் பகுதியில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனிக்கிழமைகளிலும் நாட்டுப்படகுகள் மற்ற நாள்களிலும் தொழிலுக்குப் போவது நெடுநாளைய ஏற்பாடு. விசைப்படகுகள் மறுநாள் காலையில் திரும்பும்போது சரக்கு சில மணி நேரத்துக்குள் மொத்தமாகக் கரையேறுகிறது. எடைச் சீட்டுகளும் அப்படியே குவிகின்றன. ஐநோடிஃபையின் வரிசையில் இயல்பாக 16,384 நிகழ்வுகளுக்கே இடம் உண்டு. அது நிரம்பினால் மேற்கொண்டு வருபவை கைவிடப்பட்டு, வரிசை நிரம்பிவிட்டது என்ற ஒற்றை அறிவிப்பு மட்டும் வரும். சிறு நிறுவனத்தில் அந்த எண்ணிக்கையைத் தொடுவது அரிது என்றாலும், நிகழ்வு தவற வேறு வழிகள் உண்டு. ஐநோடிஃபை உட்கோப்புறைகளைத் தானாகக் கண்காணிப்பதில்லை. அன்றைய தேதியைப் பெயராகக் கொண்டு ஒரு புதிய உட்கோப்புறை உருவாகி, அதன்மேல் கண்காணிப்பு வைக்கப்படுவதற்குள் அதில் விழுந்த கோப்பு கவனிக்கப்படாமல் போகும். கணினி அணைந்திருந்த நேரத்திலும், ஸ்கிரிப்ட் மறுதொடக்கம் ஆகிக்கொண்டிருந்த நொடிகளிலும் நடந்தவற்றுக்கு நிகழ்வே இருக்காது.

சிஸ்டம்டியைக் கையாள்வோரைத் தடுமாற வைக்கும் இன்னொன்றும் உண்டு. ஒரு சேவை பத்து வினாடிக்குள் ஐந்து முறைக்கு மேல் தொடங்கப்பட்டால், இயல்பு அமைப்பின்படி சிஸ்டம்டி அதை மீண்டும் தொடங்க மறுத்துத் தோல்வி நிலையில் வைத்துவிடும். அதைத் தூண்டிய பாத் யூனிட்டும் அத்தோடு நின்றுவிடும். சரக்கு குவியும் காலையில், மிகவும் தேவைப்படும் நேரத்தில், ஸ்கிரிப்ட் ஓசையின்றி நின்றுபோவதற்கு இது ஒரு காரணம்.

இவை எல்லாவற்றுக்கும் மருந்து ஒன்றே. நிகழ்வு எந்தக் கோப்பைக் குறிப்பிட்டாலும் அதை மட்டும் கையாளாமல், கோப்புறை முழுவதையும் பார்த்து, இன்னும் ஏற்றப்படாத எல்லாவற்றையும் ஏற்றும்படி ஸ்கிரிப்ட்டை எழுத வேண்டும். அதே ஸ்கிரிப்ட்டைக் கணினி தொடங்கும்போது ஒருமுறையும், பின்னர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை டைமர் வழியாகவும் இயக்க வேண்டும். அப்போது நிகழ்வு தவறினாலும் வேலை தாமதமாகுமே தவிரக் கெடாது. நிகழ்வு வேகத்துக்காக, சுற்றுப்பார்வை உறுதிக்காக. இரண்டில் ஒன்றை மட்டும் வைக்க நேர்ந்தால் சுற்றுப்பார்வையையே வைப்பேன்.

ஒரே ஸ்கிரிப்ட் பல வழிகளில் தூண்டப்படும்போது இரண்டு பிரதிகள் ஒரே நேரத்தில் ஓடுவதைத் தடுக்க வேண்டும். 'இயங்குகிறது' என்று ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கி, முடிந்ததும் அழிக்கும் பழைய வழக்கம் இங்கே ஆகாது. நடுவில் மின்சாரம் போனால் அந்தக் கோப்பு அப்படியே தங்கி, மறுநாள் முதல் ஸ்கிரிப்ட் ஓட மறுக்கும். எஃப்லாக் கட்டளை வழியாகப் பெறும் பூட்டைச் செயல்முறை எப்படி முடிந்தாலும் கெர்னலே விடுவித்துவிடும். பூட்டு கிடைக்காத இரண்டாவது பிரதி உடனே வெளியேறிவிடாமல் காத்திருப்பது நல்லது. முதல் பிரதி கோப்புறையைப் பட்டியலிட்ட பிறகு வந்த கோப்பை இந்த இரண்டாவது பிரதியே எடுக்கும். ஒரே சீட்டு இருமுறை வந்தாலும் ஒருமுறையே பதிவாகும்படி, சீட்டு எண்ணைத் தரவுத்தளத்தில் தனித்துவமாக அமைத்துவிட வேண்டும். ஸ்கிரிப்ட் தன் வெளியீட்டையும் லாகையும் (செயல்பதிவையும்) தான் கண்காணிக்கும் கோப்புறைக்குள்ளேயே எழுதினால் தன்னைத் தானே ஓயாமல் தூண்டிக்கொண்டிருக்கும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பென்டிரைவைச் செருகுவது நமக்கு ஒரு செயல். கணினிக்கு அது பல நிகழ்வுகள். யூஎஸ்பி சாதனம், அதன் இடைமுகம், வட்டு, வட்டுக்குள் இருக்கும் பகிர்வு (பார்ட்டிஷன்) என ஒவ்வொன்றுக்கும் யூடெவ் தனி நிகழ்வைத் தருகிறது. விதி அகலமாக எழுதப்பட்டால் காப்புப் பிரதி நான்கு முறை தொடங்கும். உப்புக்காற்றில் யூஎஸ்பி துளைகளின் தொடுமுனைகள் அரித்துப்போகும் இந்தக் கரையில், யாரும் தொடாமலேயே சாதனம் துண்டாகித் துண்டாகிச் சேர்வதும் நடக்கும். எனவே, பகிர்வு என்ற வகையையும் அதன் கோப்பு முறைமைக்குரிய யூயூஐடி என்ற தனித்த அடையாள எண்ணையும் விதியில் குறிப்பிட வேண்டும். செருகும் வரிசைக்கேற்ப மாறக்கூடிய எஸ்டிபி, எஸ்டிசி போன்ற வட்டுப் பெயர்களை நம்பக் கூடாது.

யூடெவ் விதியின் 'ரன்' பகுதியிலேயே காப்புப் பிரதி ஸ்கிரிப்ட்டை இயக்குவது மற்றொரு தவறு. அந்த இடம் சில நொடிகளில் முடியும் சிறு வேலைகளுக்கானது. நிகழ்வைக் கையாண்டு முடித்ததும் அங்கிருந்து தொடங்கிய செயல்முறைகளை யூடெவ் கொன்றுவிடும், பின்னணியில் அனுப்பியிருந்தாலும் விடாது. அங்கிருந்து வட்டை மவுன்ட் செய்வதும் (பயன்பாட்டுக்கு இணைப்பதும்), இணையத்தைத் தொடர்புகொள்வதும் இயலாது. விதியில் சிஸ்டம்டி என்ற குறியைச் சேர்த்து, 'சிஸ்டம்டி_வான்ட்ஸ்' என்ற மாறியில் ஒரு சேவையின் பெயரைக் கொடுத்துவிட்டு, நீண்ட வேலையை அந்தச் சேவையிடம் ஒப்படைப்பதே முறை.

மின்சார நிகழ்வுகளில் பொறுமை வேண்டும். காற்று பலமாக அடிக்கும் நாளில் மின்சாரம் ஓரிரு வினாடி போய்த் திரும்புவது இங்கே யாருக்கும் புதிதல்ல. யூபிஎஸ் பேட்டரிக்கு மாறிய கணத்திலேயே கணினியை அணைக்கும் ஸ்கிரிப்ட், அப்படிப்பட்ட நாளில் எடை போடும் வேலையையே நிறுத்திவிடும். யூபிஎஸ்ஸைக் கண்காணிக்கும் நட் என்ற கட்டற்ற மென்பொருளில் உள்ள யூபிஎஸ்ஷெட் இதற்காகவே இருக்கிறது: பேட்டரிக்கு மாறும்போது ஒரு டைமரைத் தொடங்கி, மின்சாரம் திரும்பினால் அதை ரத்து செய்துவிடலாம். பேட்டரி தீரப்போகிறது என்ற நிகழ்வு வந்தால் மட்டும் காத்திருக்காமல் உடனே செயல்பட வேண்டும்.

விண்டோஸில் இதற்கு நேர்மாறான சிக்கல் இருக்கிறது. டாஸ்க் ஷெட்யூலரின் திரையில் உருவாக்கும் பணியில், மின் இணைப்பு இருந்தால் மட்டுமே தொடங்கு என்ற நிபந்தனை இயல்பாகவே தேர்வாகியிருக்கும். யூஎஸ்பி வழியாக இணைத்த யூபிஎஸ்ஸையும் விண்டோஸ் பேட்டரியாகவே கருதுகிறது. மின்சாரம் போனால் ஓட வேண்டிய பணி, மின்சாரம் போனதாலேயே ஓடாது. அந்த நிபந்தனையை நீக்குங்கள். விண்டோஸின் நிகழ்வுப் பதிவைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் காணும் கெர்னல்-பவர் 41 என்ற நிகழ்வில் பணியைத் தொங்கவிடுவதும் பயனற்றது. அது மின்சாரம் போகும்போது எழுதப்படுவதன்று, கணினி மீண்டும் தொடங்கியபோது எழுதப்படுவது.

நம் கையால் இயக்கினால் ஓடும் ஸ்கிரிப்ட், நிகழ்வால் தூண்டப்படும்போது ஓடாததற்குப் பெரும்பாலும் சூழலே காரணம். அங்கே கட்டளைகளைத் தேடும் பாதை மிகச் சிறியது. நம் பயனர் அமைப்புகள், விண்டோஸில் நாம் இணைத்த நெட்வொர்க் டிரைவ் எழுத்துகள் எவையும் இல்லை. எல்லாவற்றுக்கும் முழுப் பாதையைக் கொடுத்துவிடுவது நல்லது. லினக்ஸில் இணைய இணைப்பு மாறும்போது நெட்வொர்க்மேனேஜர் இயக்கும் டிஸ்பாட்ச்சர் ஸ்கிரிப்ட்டுகள், முழு உரிமை கொண்ட ரூட் பயனருக்கு உரியவையாகவும் மற்றவர் எழுத முடியாதவையாகவும் இருக்க வேண்டும். இல்லையேல் அவை இயக்கப்படமாட்டா.

அந்தக் கண்டிப்புக்குக் காரணம் பாதுகாப்பு. உயர் உரிமையோடு தானாக ஓடும் ஸ்கிரிப்ட்டை வேறு ஒருவர் திருத்த முடிந்தால், அந்தக் கணினி அவருடையதாகிவிடும். செருகிய பென்டிரைவுக்குள் இருக்கும் நிரலையே இயக்கும் ஏற்பாட்டை ஒருபோதும் செய்யாதீர்கள். 2008இல் பரவிய கான்ஃபிக்கர் புழு, செருகியவுடன் நிரலைத் தானாக இயக்கும் விண்டோஸின் ஆட்டோரன் வசதியைப் பயன்படுத்திப் பென்டிரைவ்கள் வழியாகவும் பரவியது. விண்டோஸ் 7 முதல் பென்டிரைவ்களுக்கு அந்த வசதியே இல்லை. கோப்பின் பெயரையும் நம்பக் கூடாது: இடைவெளியோ அரைப்புள்ளியோ கொண்ட பெயரை மேற்கோள் குறியின்றிக் கட்டளையில் சேர்த்தால் அது வேறு கட்டளையாகவே மாறக்கூடும்.

கடைசியாக, மௌனத்தை நலமென்று கொள்ளும் தவறு. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுச் சரக்கை மட்டும் வாங்கும் நிறுவனத்தில் இரண்டு மாதமும் கோப்பு வராது, நிகழ்வும் இராது, லாகிலும் எதுவும் இராது. இடையில் கடவுச்சொல் காலாவதியாகியிருந்தாலும், வட்டு நிரம்பியிருந்தாலும், தடை நீங்கிச் சரக்கு வந்திறங்கும் காலையில்தான் அது வெளிப்படும். நாள்தோறும் ஒரு சோதனைச் சீட்டை ஸ்கிரிப்ட்டே உருவாக்கி, அது கணக்கில் ஏறி நீங்கும் வரை முழுப் பாதையையும் நடத்திப் பார்த்து, நடக்காவிட்டால் பொறுப்பாளரின் கைபேசிக்குச் செய்தி அனுப்பும்படி அமையுங்கள். அந்தச் செய்தியை அனுப்பும் வேலை அதே கணினியில் இருந்தால் கணினியே நின்றுபோகும்போது எதுவும் வராது என்பதால், சோதனை நடந்ததா என்பதை வேறொரு கணினி சரிபார்க்க வேண்டும்.

தடைக்காலமே இவற்றைச் சோதிக்கவும் ஏற்ற காலம். 'யூடெவட்ம் மானிட்டர்' (udevadm monitor) கட்டளையை ஓடவிட்டுப் பென்டிரைவைச் செருகி எத்தனை நிகழ்வுகள் வருகின்றன என்று பாருங்கள். ஆயிரம் போலிச் சீட்டுகளை ஒரே நேரத்தில் கோப்புறைக்குள் கொட்டுங்கள். ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே சோதனைக் கணினியின் மின் இணைப்பைப் பிடுங்கி, மீண்டும் தொடங்கியபின் ஒவ்வொரு சீட்டும் ஒரே ஒருமுறை பதிவாகியிருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.