நாற்று தயார், உரம் மக்கியாச்சா?

நடவுப் பருவம் வந்துவிட்டால் வீட்டுத் தோட்டம் போடுகிறவர்கள் சந்திக்கும் இடமெல்லாம் ஒரே பேச்சுதான்: இந்த முறை என்ன நடப்போகிறீர்கள்? தக்காளி, மிளகாய், கத்தரி, பீன்ஸ், கீரை, ஒரு மூலையில் பூசணி என்று பட்டியல் நீளும். பட்டியலில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. எதை நடுவது என்று பத்து நாள் யோசிக்கிறவர்கள், எதில் நடுவது என்பதைப் பத்தே நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். உறுத்துவது அதுதான்.

போன வாரம் பக்கத்து வீட்டுப் பெண் கூப்பிட்டாள். "அக்கா, தக்காளி நாற்று நட்டு பன்னிரண்டு நாள் ஆச்சு. வளரவே மாட்டேங்குது. கீழ் இலையெல்லாம் மஞ்சள். சத்து பத்தலையோ? இன்னும் ரெண்டு கை உரம் போடட்டுமா?"

போய்ப் பார்த்தேன். தொட்டி மண்ணுக்குள் விரலை விட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. உரம் இன்னும் மக்கி முடியவில்லை; அதற்கு மேல் பார்க்கவேண்டிய தேவையே இல்லை. பல வருடங்களுக்கு முன் என் தொட்டிகளும் இதே சூட்டில்தான் இருந்தன.

வெயில் படும் இடத்தில் வையுங்கள், தண்ணீரை அளவோடு ஊற்றுங்கள் என்பதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். நான் பட்டதையும், இப்போது மற்றவர்கள் படுவதையும் மட்டும் எழுதுகிறேன்.

மக்காத உரத்தில் நடுவது

அந்த வருடம் நாற்பது தக்காளி நாற்றுகளை விதையிலிருந்தே வளர்த்திருந்தேன். ஆறு வாரப் பிள்ளை வளர்ப்பு. நடும் நாள் நெருங்கியதும் உரம் போதவில்லை என்று தெரிந்தது. அவசரத்துக்கு ஆறு மூட்டை வாங்கினேன். கோழி எருவும் மரத்தூளும் கலந்தது. மூட்டையில் 'மக்கிய உரம்' என்றே அச்சடித்திருந்தது. பிரித்தபோது இளஞ்சூடு. மூக்கைச் சுண்டும் ஒரு நெடியும் இருந்தது. 'புது உரம், வீரியமாக இருக்கிறது' என்று சந்தோஷப்பட்டேன். இதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

பாதி மண், பாதி உரம் என்று கலந்து நட்டேன். மூன்றாம் நாள் காலையில், மண் ஈரமாக இருக்கும்போதே செடிகள் தலை தொங்கின. இலை ஓரங்கள் நெருப்புப் பட்டதுபோல் கருகின. தப்பியவை இரண்டாம் வாரத்தில் அடியிலிருந்து மஞ்சளாக ஆரம்பித்தன. நானும் இன்றைக்குப் பக்கத்து வீட்டுப் பெண் கேட்டதைத்தான் செய்தேன்: சத்துக் குறைவு என்று நினைத்து அதே உரத்தை மேலே இன்னும் கொஞ்சம் போட்டேன். முப்பத்தொரு செடி போயிற்று.

நடந்தது என்னவென்று பிறகுதான் புரிந்தது. அந்த மூட்டைக்குள் இருந்தவை இரண்டு தனித்தனி ஆபத்துகள்.

முதலாவது கோழி எரு. அதில் தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகம். மக்கும்போது அதில் ஒரு பங்கு அம்மோனியாவாகக் கிளம்பும். மூக்கைச் சுண்டிய நெடி அதுதான். அம்மோனியாவும் எருவில் இருக்கும் உப்பும் சேர்ந்தால் இளம் வேர்நுனி கருகிவிடும். வேர் போனால் மண்ணில் எவ்வளவு ஈரம் இருந்தும் செடியால் உறிஞ்ச முடியாது. ஈர மண்ணில் செடி வாடியதன் ரகசியம் இதுதான். தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றினால் மிச்சமிருக்கும் வேரும் மூச்சுத் திணறும்.

இரண்டாவது மரத்தூள். இது எதிர்ப்பக்கத்து ஆபத்து. மக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்குக் கரிமம் (கார்பன்) எரிபொருள், தழைச்சத்து உடம்பு வளர்க்கும் சாப்பாடு. ஒரு பங்கு தழைச்சத்துக்கு ஏறக்குறைய 25 முதல் 30 பங்கு கரிமம் என்றால் அவற்றுக்குச் சரியாக இருக்கும். மாட்டுச்சாணத்தில் ஒன்றுக்கு 20 பங்கு அளவில் இருக்கும். கோழி எருவில் 10 பக்கம். காய்ந்த சருகில் 50, 60. மரத்தூளில் பல நூறு. மரத்தூள் கலந்த மண்ணில் நுண்ணுயிர்கள் கரிமத்தைத் தின்னத் தின்ன, அதற்கு ஈடான தழைச்சத்தைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து இழுத்துக்கொள்ளும். அந்தப் பந்தியில் செடிக்கு இலை கிடையாது. செடி தன் கீழ் இலைகளில் வைத்திருக்கும் தழைச்சத்தை எடுத்துக் குருத்துக்கு அனுப்பும்; கீழ் இலை மஞ்சளாகும். நுண்ணுயிர்கள் செத்த பிறகு அந்தச் சத்து மண்ணுக்குத் திரும்பி வரும் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு வாரங்கள் ஆகும். நாற்று காத்திருக்காது.

நஷ்டம் ஆறு மூட்டை உரமோடு நின்றிருந்தால் மறந்திருப்பேன். பருவமே போயிற்று. மறுபடி விதை போட்டு நாற்று வர ஆறு வாரம். அவை பூக்கும்போது வெயில் ஏறிவிட்டது. பகலில் 32 டிகிரியைத் தாண்டி, இரவிலும் 24 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்களில் தக்காளிப் பூவின் மகரந்தம் சரியாக வேலை செய்யாது, பூ உதிரும். செடி செழிப்பாக நின்றது, காய்தான் இல்லை. ஒரு மாதம் முன்பே உரத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

சரி, உரம் மக்கிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நிறத்தை நம்பாதீர்கள். பாதி மக்கியதும் கறுப்பாகத்தான் இருக்கும். மூட்டையில் இருக்கும் எழுத்தையும் நம்பாதீர்கள். கையில் எடுத்தால் சூடு இருக்கக்கூடாது, மழை பெய்த மண் வாசனை வரவேண்டும், போட்ட பொருள் எது என்று அடையாளம் தெரியக்கூடாது. சந்தேகம் இருந்தால் ஒரு பிடியை ஈரப்படுத்தி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, மூன்று நாள் கழித்துப் பிரித்து முகர்ந்து பாருங்கள். புளிச்ச வாடையோ அம்மோனியா நெடியோ வந்தால் இன்னும் ஆகவில்லை.

இதைவிட எனக்குப் பிடித்தது விதைச் சோதனை. ஒரு தட்டில் அந்த உரம், இன்னொன்றில் நன்றாகத் தெரிந்த பழைய மண்கலவை. இரண்டிலும் பத்துப் பத்து முள்ளங்கி விதை. ஒரு வாரத்துக்குள் பதில் வந்துவிடும். உரத்தட்டில் முளைப்பு குறைந்தாலோ, வேர் குட்டையாகிப் பழுப்பேறினாலோ, அந்த உரத்தை ஓரமாக வைத்துவிடுங்கள்.

வீட்டிலேயே உரக்குவியல் போடுகிறவர்களும் ஒன்றைக் கவனியுங்கள். குவியல் 55 முதல் 65 டிகிரி வரை சூடேறி இறங்கியதும் வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பதுதான் வழக்கம். சூடு பல நோய்க்கிருமிகளையும் களை விதைகளையும் கொல்லும், அவ்வளவுதான். ஆறிய பிறகு குறைந்தது ஒரு மாதமாவது சும்மா கிடந்து முதிர வேண்டும். பச்சை எருவை நேரடியாக மண்ணில் போடுவதாக இருந்தால் கணக்கு வேறு. அமெரிக்க அரசின் இயற்கை வேளாண்மை விதிகளின்படி, மண்ணைத் தொட்டு வளரும் விளைச்சல் என்றால் அறுவடைக்கு 120 நாள் முன்பும், மண்ணைத் தொடாதது என்றால் 90 நாள் முன்பும் எருவை மண்ணில் கலந்திருக்க வேண்டும். கீரைக்கு நேற்றுப் போட்ட சாணியை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே நட்டுவிட்டீர்களா? சூடோ நெடியோ இருந்தால் இன்றைக்கே பிடுங்குங்கள். வேரை மெல்ல அலசி, சத்துக் குறைந்த பழைய மண்ணில் வைத்து, நாலைந்து நாள் நிழலில் விடுங்கள். தொட்டிக் கலவையை வெளியே கொட்டி, ஈரம் காயாமல், சில நாளுக்கு ஒருமுறை புரட்டிக்கொண்டிருந்தால் சில வாரங்களில் அதுவே நல்ல உரமாகும். சூடு, நெடி எதுவும் இல்லாமல் மஞ்சள் மட்டும் என்றால், தழைச்சத்துள்ள திரவ உரத்தை நீர்க்கக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் செடி பிழைக்கும். ஆக, அந்தப் பெண் கேட்ட 'ரெண்டு கை உரம்' சில நேரம் மருந்து, சில நேரம் விஷம். விரலை விட்டுப் பார்க்காமல் சொல்ல முடியாது.

நல்ல உரமே ஆனாலும் தொட்டிக் கலவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நான் போடுவதில்லை.

இன்னொரு கொடுமையும் உண்டு. புல்வெளிகளில் அடிக்கும் சில களைக்கொல்லிகள், முக்கியமாக அமினோபைரலிட், புல்லோடு மாட்டின் வயிற்றுக்குள் போய்ச் சாணத்தோடு அப்படியே வெளியே வரும். மக்கவைத்தாலும் சீக்கிரம் அழியாது. 2008இல் பிரிட்டனில் ஏராளமான வீட்டுக் காய்கறித் தோட்டங்கள் இதனால் பாழாகி, அந்த ஆண்டே அதன் விற்பனையை நிறுத்திவைத்தார்கள். தக்காளி, பீன்ஸ், உருளைக்கிழங்கு இவற்றின் குருத்து கிண்ணம்போல் மடங்கி முறுக்கிக்கொண்டால் இதைச் சந்தேகிக்கலாம். முள்ளங்கிச் சோதனையில் இது மாட்டாது. பீன்ஸ் போட்டு இரண்டு, மூன்று வாரம் பார்க்க வேண்டும்.

தொட்டி அடியில் கல் போடுவது

வடிகால் என்று சொல்லிச் செய்கிறார்கள். நானும் வருடக்கணக்கில் செய்தேன். நுண்ணிய மண்ணில் இருக்கும் தண்ணீர் அடியில் இருக்கும் பெரிய இடைவெளிக்கு லேசில் இறங்காது. மண் முழுக்க ஊறிய பிறகுதான் சொட்டும். எந்தத் தொட்டியிலும் அடியில் சில விரற்கடை உயரத்துக்குச் சேறுபோல் ஊறிய பகுதி இருக்கும். கல் போட்டால் அந்தப் பகுதி மேலே ஏறி வேருக்குப் பக்கத்தில் வரும், தொட்டியின் ஆழமும் குறையும். துளை அடைக்காமலிருக்க ஒரு துண்டு வலை போதும்.

எல்லா விதையையும் ஒரே நாளில் போடுவது

பாக்கெட்டைப் பிரித்தால் கொட்டித் தீர்க்காமல் கை நிற்பதில்லை. அப்புறம் ஒரே வாரத்தில் நாற்பது முள்ளங்கி வரும், அதற்குப் பிறகு ஒன்றும் வராது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு பிடி.

கேரட்டை நாற்று விட்டு நடுவது

வேண்டாம். ஆணிவேர் ஒடிந்தால் கவட்டைதான் விளையும்.

நிழல் நாற்றை நேரே வெயிலில் வைப்பது

ஜன்னலோரத்தில் வளர்ந்த இலை முழு வெயிலில் ஒரே நாளில் வெளுத்துவிடும். முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஏழு முதல் பத்து நாளில் பழக்குங்கள்.

கீரை விதையைப் புதைப்பது

தூவுங்கள். மேலே மண் பட்டும் படாமலும் இருந்தால் போதும்.

பூசணியின் முதல் பூவைப் பார்த்துப் பதறுவது

ஆண் பூ. உதிரத்தான் செய்யும். அடியில் குட்டிக் காயோடு பெண் பூ வரும்வரை பொறுங்கள்.

வீரிய ஒட்டுரகக் காயிலிருந்து விதை எடுப்பது

முளைக்கும். ஆனால் தாயைப்போலவே இருக்கும் என்று நம்பாதீர்கள்.

பக்கத்து வீட்டில் பதினான்கு நாற்றுகளைப் பிடுங்கி வைத்தோம், ஒன்பது நிமிர்ந்துவிட்டன. கலவை தரையில் விரித்துக் கிடக்கிறது. நேற்று மாலை மதிலுக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினாள். "அக்கா, மூணு நாள் ஆச்சு. மோந்து பாருங்க." பிரித்தேன். நெடி குறைந்திருக்கிறது, போகவில்லை. கட்டித் திருப்பிக் கொடுத்தேன்.