மரப்பொந்தில் தேன்கூடு: தீப்பந்தம் எடுக்கும் முன்

குமரி மாவட்டத்தில் களியக்காவிளை, அருமனை, குலசேகரம் பக்கம் மரமில்லாத புரையிடம் (வீடும் தோட்டமும் சேர்ந்த இடம்) குறைவு. அயனியோ பலாவோ புளியோ கொல்லாமரமோ, ஏதாவது ஒன்று வயதாகிப் பொந்து விழுந்து நிற்கும். அதில் தேனீ குடியேறியது தெரிந்ததும் வீட்டில் பதற்றம் தொடங்கிவிடும். அந்தப் பதற்றத்தில் நாம் செய்கிற காரியங்கள்தான் ஆபத்தைக் கொண்டுவருகின்றன.

பெரும்பாலானோர் என்ன பூச்சி என்றே பார்ப்பதில்லை. காலையில் பத்தடி தள்ளி, பொந்தின் வாயை நேரே மறிக்காமல் ஒரு பக்கமாக நின்று கவனியுங்கள். பின்னங்கால்களில் மஞ்சள் மகரந்த உருண்டையோடு வந்து விறுவிறுவென்று உள்ளே நுழைந்தால் அது அடுக்குத் தேனீ. மார்த்தாண்டம் பெட்டிகளில் வளர்க்கிற அதே இனம். வாயில் மெழுகும் பிசினும் கலந்த சிறு குழாய் நீட்டிக்கொண்டிருந்தால் கொசுத்தேனீ. அதற்குக் கொட்டவே தெரியாது. உடல் பெரிதாக, கறுப்பில் மஞ்சள் பட்டையோடு இருந்தால் கடந்தை என்கிற பெரிய குளவி. அது வேறு கதை, அதன் பக்கமே போகக்கூடாது. பெருந்தேனீ பொந்தில் கட்டாது. உயரக் கிளையிலும் பாறையிலும் திறந்த வெளியில் ஒரே பெரிய அடையாகத் தொங்கும்.

கிளையில் திடீரென்று கொத்தாகத் தேனீ தொங்கினால் அதுவும் கூடு என்று நினைத்துத் தண்ணீர் அடிக்கிறார்கள். அது பெரும்பாலும் பிரிந்து வந்த கூட்டம், இடம் தேடிக்கொண்டிருக்கிறது. அடையும் குஞ்சும் இல்லாததால் காக்க ஒன்றுமில்லை, சாதுவாகவே இருக்கும். சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ தானே போய்விடும்.

தேனீ இருந்தால் மரம் பட்டுப்போகும் என்று வெட்டச் சொல்வோரும் உண்டு. தேனீ மரத்தைக் குடையாது. ஏற்கெனவே உளுத்துப்போன இடத்தில்தான் குடியிருக்கிறது. பொந்து ஆள் உயரத்துக்கு மேல் இருந்து, நடைபாதையையோ கொடிக்கயிற்றையோ பார்த்து இல்லையென்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். இதுதான் என் உறுதியான கருத்து. 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் வந்து தென்னிந்தியாவில் பெட்டிக் கூட்டங்கள் பெருமளவு அழிந்தன. காட்டிலும் பொந்திலும் அந்த நோயைத் தாண்டிப் பிழைத்தவற்றின் வழி வந்தவைதான் இன்றைய கூட்டங்களில் பல. உங்கள் பலாமரத்தில் இருப்பதும் அப்படிப்பட்ட வித்தாக இருக்கலாம்.

இரவில் சூட்டுக்கட்டையோடு போய்க் கொளுத்துவது கூட்டத்தையும் கொல்லும், உளுத்த மரத்துக்குள் கனலையும் விட்டுவைக்கும். பகலில் சிமெண்டு பூசி அடைப்பதும் கொடுமைதான். உள்ளே குஞ்சு அழுகும், அடை உருகித் தேன் கசியும், எறும்பு வரும். எங்காவது சிறு துளை இருந்தால் பழைய மெழுகு வாசனைக்கு அடுத்த கூட்டம் வந்து சேரும். இவற்றையெல்லாம்விட மோசமானது பூச்சிமருந்து. செத்த கூட்டின் தேனைக் கொள்ளையடிக்கச் சுற்றுவட்டாரத் தேனீக்கள் வரும். பெட்டி வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் நிறைந்த ஊர் இது. நீங்கள் அடித்த மருந்து பக்கத்து வீட்டுப் பெட்டிக்கும் போகும். அந்தத் தேனை வீட்டுப் பிள்ளைகளுக்கும் கொடுக்க முடியாது.

ஒருவேளை கொட்டிவிட்டால் அங்கேயே நின்று கையை வீசாதீர்கள். கொட்டிய இடத்தில் பழுத்த வாழைப்பழம் போல ஒரு வாசனை வரும்; மற்றத் தேனீக்களுக்கு அதுதான் அழைப்பு. வேகமாக வீட்டுக்குள் போய், கொடுக்கை உடனே நகத்தால் சுரண்டி எடுங்கள். மூச்சு இறுக்கம், உதடு அல்லது முகம் வீங்குதல், தலைசுற்றல், உடம்பெல்லாம் தடிப்பு இருந்தால் காத்திருக்காமல் 108. ஏராளமாகக் கொட்டியிருந்தாலும் அப்படியே.

சரி, பொந்து வாசற்படிக்கு அருகில், மாற்றியே ஆக வேண்டும் என்றால்? பெட்டிக்கு மாற்றலாம். 1920களில் ஒய்.எம்.சி.ஏ. மார்த்தாண்டத்தில் பெட்டி வளர்ப்பைக் கற்றுக்கொடுத்ததிலிருந்து இந்தப் பகுதியில் கை தேர்ந்த ஆட்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களைக் கூப்பிடுங்கள். ஆனால் எப்போது கூப்பிடுகிறீர்கள் என்பது முக்கியம். ஆனி ஆடி மழையில் மாற்றினால் வெளியே இரை இருக்காது, கூட்டம் பெட்டியை விட்டு ஓடிவிடும். ரப்பர் தளிர்த்துத் தேன் கொட்டும் மாசி, பங்குனியில் அடை கனத்து, தொட்டால் ஒடியும். ரப்பர் இலை உதிர்வதற்கு முன், மகரந்தம் நன்றாக வரும் நாட்கள்தான் வசதி.

தேனடையை மட்டும் எடுத்துக்கொண்டு குஞ்சடையைத் தூக்கி எறிவதுதான் அதிகம் நடக்கும் தவறு. மேல்பக்கம் வெளிறியது தேன். நடுவில் பழுப்பு மூடியிட்டிருப்பது குஞ்சு. குஞ்சடையைக் காய்ந்த வாழைநாரால் பெட்டிக்குள் வைக்கும் மரச்சட்டத்தில் கட்ட வேண்டும், பொந்தில் எது மேலே இருந்ததோ அதே மேலே இருக்கும்படி. அறைகள் சற்று மேல்நோக்கிச் சாய்ந்திருப்பதால் தலைகீழாகக் கட்டக்கூடாது. வெயில் தாழ்ந்த பிறகு, கதம்பல் (தேங்காய் மட்டை) புகை கொஞ்சமாகக் காட்டிச் செய்வது நல்லது. புகை மிஞ்சினால் ராணி மிரண்டு உள்ளே ஒளிந்துகொள்ளும்.

ராணி பெட்டிக்குள் வந்ததா என்று வாசலைப் பார்த்தால் தெரியும். சில தேனீக்கள் வால்பக்கத்தைத் தூக்கி நின்று இறக்கை அடிக்க, மற்றவை ஊர்வலம் போல உள்ளே போகும். அப்படி நடக்காமல் பொந்திலேயே திரும்பத் திரும்பக் குவிந்தால் ராணி இன்னும் அங்கேதான். ராணி வந்த பிறகு, அது மட்டும் வெளியேற முடியாதபடி வாசலில் சில நாள் தடுப்புப் போடுவார்கள்.

அன்றே பெட்டியைத் தோட்டத்தின் மறுமூலைக்குக் கொண்டுபோகாதீர்கள். வெளியே போன தேனீ பழைய இடத்துக்கே திரும்பும். பெட்டி மரத்தடியிலேயே, பொந்து பார்த்த திசையிலேயே இருக்கட்டும். பிறகு நாளுக்கு ஓரிரு அடி நகர்த்தலாம், அல்லது இரவில் வாசலை மூடி இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோகலாம். சர்க்கரைப் பாகு கொடுப்பதானால் சாயங்காலம், பெட்டிக்குள்ளே. பெட்டிக் காலுக்கு எறும்பு ஏறாத தண்ணீர்க் கிண்ணம் வேண்டும்.

பொந்தை அடைப்பது கடைசி வேலை. ஒரு தேனீகூட உள்ளே இல்லை என்று பார்த்து, மிச்ச மெழுகைச் சுரண்டி எடுத்துவிட்டு, வாயில் சன்னமான கம்பிவலை அடித்துவிடுங்கள். வலையாக இருந்தால் ஈரம் தேங்காது, மரமும் உளுப்பது குறையும்.