வலிப்பு மாத்திரைக்கு மணி தப்பக்கூடாது

என் அண்ணனுக்கு மூளையின் இடப்பக்கம் கட்டி. முதல் வலிப்பு வந்த அன்று பசியாறிக்கொண்டிருந்தார். மைலோ கிளாஸைப் பிடித்திருந்த வலது கட்டைவிரல் மட்டும் தனியாகத் துடித்தது. "என்னண்ணே?" என்றேன். வாய் கோணியது, பேச்சு வரவில்லை. பிறகுதான் உடம்பு முழுக்க இழுத்தது. அன்றிலிருந்து மலேசியாவின் பிறை நகரில் எங்கள் ஃபிளாட்டில் அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது நான்தான்.

டாக்டர் முதலில் எழுதியது லெவெடிராசெட்டம் என்ற வலிப்பு மாத்திரை, 500 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று. மற்ற மருந்துகளோடு அதிகம் மோதாது என்பதால் கட்டி உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் இதைத்தான் கொடுக்கிறார்கள். பழைய மாத்திரையான ஃபெனிட்டாயின் அப்படியல்ல. மருந்தைச் சிதைக்கும் கல்லீரலை முடுக்கிவிட்டு, சில கீமோ (புற்றுநோய்) மருந்துகளின் வேகத்தையும், மூளை வீக்கத்துக்குத் தரும் டெக்ஸாமெத்தசோனின் வேகத்தையும் குறைத்துவிடும். அதனால் இருமலுக்கு கிளினிக் போனாலும் எல்லா மருந்தையும் பையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். கட்டி இருந்தும் ஒருமுறைகூட வலிப்பு வராதவருக்குப் பொதுவாக இந்த மாத்திரை தேவைப்படாது. உங்களுடையதை எடுத்து அவருக்குக் கொடுக்காதீர்கள்.

காலை, இரவு என்றால் 12 மணி நேர இடைவெளி. நாங்கள் 7-க்கும் 7-க்கும் வைத்திருக்கிறோம், கைப்பேசியில் அலாரம் அடிக்கும். ஒரு தைப்பூசத்தன்று விரதம் என்று அண்ணன் காலை மாத்திரையை விட்டுவிட்டார். முந்தின இரவு ரதத்தின் பின்னால் நடந்ததில் தூக்கமும் இல்லை. தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத்திலேயே வலிப்பு வந்து விழுந்தார். லெவெடிராசெட்டத்தை வெறும் வயிற்றிலும் போடலாம் என்பது அன்று எங்களுக்குத் தெரியாது. விரதம் இருப்பவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

இன்னொன்றைக் கட்டாயம் கவனியுங்கள். அதிர்ந்து பேசாத மனிதர், இரண்டாம் வாரத்தில் சோற்றுத் தட்டைத் தூக்கி எறிந்தார். அண்ணி அழுதார். நோயின் வெறுப்பு என்றே நினைத்தோம். இந்த மாத்திரை சிலருக்குக் கோபத்தையும் மனச்சோர்வையும் கொண்டுவரும். டாக்டரிடம் சொன்னதும், வேறு மாத்திரையைச் சேர்த்து இதைப் படிப்படியாகக் குறைத்தார். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று விட்டால் நிற்காத வலிப்பு வரலாம்.

வலிப்பு வந்தால் சுற்றியுள்ள பொருள்களை நகர்த்தி, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எங்கள் பக்கத்து வீட்டம்மா ஓடிவந்து சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். அன்பில் செய்தது, ஆனால் இரும்பால் வலிப்பு நிற்காது. வாயிலும் எதையும் வைக்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்புமுன் மறுபடி இழுத்தாலோ உடனே ஆம்புலன்ஸுக்கு 999.

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து எழுதுங்கள். நான் எழுதுவது இப்படி: "மாலை 4.10. வலது கட்டைவிரல். 40 வினாடி. பேச்சு இருந்தது. காலை மாத்திரை போட்டார்." மாத்திரை தவறாமலே இப்படி அடிக்கடி வந்தால் அடுத்த அப்பாயின்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். நோட்டை எடுத்துக்கொண்டு அன்றைக்கே கிளம்புங்கள்.