தைப்பூசத்துக்குப் பத்துமலை போகிறீர்களா? கைப்பேசியை நம்பாதீர்கள்

கூட்டம் ஏற ஏற லைன் திணறும். வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக்கோடு நிற்கும், கூப்பிட்டாலும் போகாது. அதனால், பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்பதை வீட்டிலேயே பேசி வைத்துவிடுங்கள். ‘முருகன் சிலைக்குக் கீழே’ மட்டும் வேண்டாம், நெரிசலே அங்கேதான். எங்கள் குடும்பத்துக்கு ராமாயணக் குகைப் பக்கம் நிற்கும் பச்சை ஆஞ்சநேயர் சிலை.

பிள்ளைகளின் சட்டைப்பையில் உங்கள் எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். பாவம், பயத்தில் அதுகளுக்கு எதுவும் ஞாபகம் வராது.

சிக்னல் தேடியே பேட்டரி கரைந்துவிடும். 272 படியும் ஏறி இறங்கும்வரை ஏரோப்பிளேன் மோடில் போடுங்கள், படம் எடுக்கலாம். அப்புறம், அவசரமென்றால் எஸ்எம்எஸ் அனுப்பிப் பாருங்கள். டேட்டா முடங்கினாலும் அது பல நேரம் போய்ச் சேரும்.